நாலாவது கால்

முத்துக்கடையில்
நாலாயிரத்து இருநூறுக்குப் படிந்தது பழைய மெஷின்.
"வீட்டுக்காரர் வெல்டரா?" என்றான் விற்றவன்.
"நான்தான்" என்றேன்.
அன்றைக்கு அது பொய்.

தண்ணீர் ட்ரம்முக்கு ஒரு ஸ்டாண்டு வேண்டும், அவ்வளவுதான்.
பட்டறை மணிவாசகன் மூன்று மாதமாகத்
திங்கட்கிழமை என்றார்.
எந்தத் திங்கள் என்று சொல்லவில்லை.

முதல் ராடு ஒட்டிக்கொண்டது.
இரண்டாவதும்.
முறுக்கினேன், ஆட்டினேன்,
முரண்டு பிடிக்கும் கன்றை இழுப்பதுபோல் இழுத்தேன்,
அதற்குள் சிவந்து வளைந்துவிட்டது.
மூன்றாவது ஒன்றுமே செய்யவில்லை.
பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால்
எர்த் கிளாம்ப் தரையில் கிடக்கிறது,
பூமியைப் பிடித்துக்கொண்டு.

பதினாறு வருஷமாக ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறேன்.
நேர்கோடு என் கைக்குத் தெரியும் என்றிருந்தேன்.
அங்கே ஊசி இடம் மாறாது, தோல்தான் வரும்.
இங்கே எம்.எஸ். ஆங்கிள் அசையாது,
நான் போக வேண்டும்.
போகப்போகக் கையிலிருப்பதும் கரைந்து குட்டையாகும்,
குட்டையாக ஆகக் கையும் தாழ வேண்டும்.
இதை எந்தக் கையும் முதல் நாளில் ஒப்புக்கொள்ளாது.
இரும்பு நெடுகக் காக்கா எச்சம்.

ஒருநாள் முகமூடியை இறக்க மறந்தேன்,
ஒரே ஒரு சொடுக்கு.
ராத்திரி பாலாற்று மணல் மொத்தமும்
லாரி லாரியாக இமைக்குள் இறங்கியது.
மறுநாள் பக்கத்து மெஷின் தபசும்
"அழுதியா?" என்றாள்.
அழுதிருந்தால் தேவலை.

மொட்டைமாடியில் வடகம் காய்ந்தது,
பக்கத்திலேயே நமுத்துப்போன ராடு.
ராணிப்பேட்டை வெயில்
இரண்டுக்கும் ஒரே கூலிதான் கேட்டது.

சாயங்காலம் வோல்டேஜ் கிடையாது.
தோட்டத்து மோட்டாரெல்லாம் ஓடும்,
தீ சுருங்கி இருமும்.
அதனால் விடிகாலை நாலு மணி,
என்னையும் இரண்டு நாய்களையும் தவிர
தெருவில் யாரும் விழித்திராத நேரம்.

பதினோராம் நாள் தெரிந்தது:
பொறியைப் பார்க்கக் கூடாது.
வெளிச்சமெல்லாம் கூப்பிடுகிற இடத்தை விட்டு
அதற்குச் சற்றுப் பின்னால்
விளிம்பு நடுங்க ஒரு சின்னக் குளம்.
அது நிரம்பும்வரை நில்.
நிரம்பியதும் நகர்.
சத்தம் மாறியது,
சுட்ட மணலில் கடலை வறுபடுகிறாற்போல்
நடுவில் விக்காமல்.

ஆறட்டும் என்று சுத்தியலை எடுத்தேன்.
தட்டுமுன்னே
கசடு ஒரு முனையில் தானாகத் தூக்கிக்கொண்டது.
ஓடும் புளியம்பழமும்போல் இருங்கள் என்று
ஆடி மாதம் மைக் வைத்துச் சொன்னார் சொற்பொழிவாளர்.
ஒட்டாமல் வாழ்வதற்கு உவமையாம்.
எனக்கோ
உள்ளே கெட்டியாக ஒட்டிவிட்டதற்கு
அதுதான் அடையாளம் என்று பட்டது.

இப்போது பஸ்ஸில் போனால்
ஊரார் கேட்டையெல்லாம் படிக்கிறேன்.
இந்த வீட்டில் கரண்ட் அதிகம்,
அந்த வீட்டில் அவசரம்.
மணிவாசகன் வீட்டு கேட்டில்
ஓட்டையைப் பெயிண்டால் அடைத்திருக்கிறது.
நான் யாரிடமும் சொல்லவில்லை.
தபசுமிடம் மட்டும்.

எட்டு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர்
நேற்று இரவு ஒன்றரைக்கு வந்தது.
ஸ்டாண்டின்மேல் ட்ரம், ட்ரம்முக்குள் குழாய்.
பாதி நிறைந்தது, முக்கால் நிறைந்தது.
டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தபடி
பக்கத்தில் நின்றேன்,
கால்விரல்களைக் கொஞ்சம் தள்ளியே வைத்து.
இருநூறு லிட்டர்.
மூட்டு ஒன்றும் பேசவில்லை.

நாலாவது கால் மட்டும் அரை விரல் குட்டை.
அதன் அடியில்
கம்பெனியில் கழித்துப்போட்ட தோல் துண்டு ஒன்றை
நாலாக மடித்து வைத்திருக்கிறேன்.